வளைந்து போகும் அம்பு

வில்லில் தொடுத்த அம்பு வில்லின் நடுவில் இருப்பதில்லை. சினிமாவிலும் காலண்டர் படங்களிலும் பார்த்துப் பார்த்து அது நடுவில் இருப்பதாகவே நமக்கு ஒரு எண்ணம். கொஞ்சம் யோசித்தால் அது முடியாது என்று புரியும். நடுவில்தான் கைப்பிடி இருக்கிறதே! மரத்தில் செய்த எந்தப் பழைய வில்லிலும் அம்பு கைப்பிடியின் ஏதாவது ஒரு பக்கத்தில்தான் சாய்ந்து உட்கார முடியும். வலதுகைக்காரர் ஒருவர் இடதுகையில் வில்லைப் பிடித்து, வலதுகையின் மூன்று விரல்களால் நாணை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு கைப்பிடிக்கு இடப்பக்கம் இருக்கும். அதன் வால் நாணில், அதாவது நடுக்கோட்டில். தலை மட்டும் கைப்பிடித் தடிமனில் பாதியளவு இடப்பக்கம் தள்ளி நிற்கும்.

நாணை முழுக்க இழுத்த நிலையில் இந்தச் சாய்வு பெரிதாகத் தெரியாது. அம்பு ஏறக்குறைய இலக்கைப் பார்த்திருக்கும். சிக்கல் விட்ட பிறகுதான். நாண் நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறது, அம்பின் வாலும் அதோடு பாய்கிறது. ஆனால் அம்பின் உடலைக் கைப்பிடி தடுக்கிறது. வால் முன்னேற முன்னேறத் தலை இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போக வேண்டும். பள்ளிக்கூட வடிவியலை நம்பினால் எல்லா அம்பும் இலக்குக்கு இடப்பக்கம்தான் போய் விழ வேண்டும். நல்ல வில்லாளியின் கையில் அப்படி நடப்பதில்லை. எங்கே பார்த்தாரோ அங்கேயே போய்த் தைக்கிறது.

மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வில் எய்திருக்கிறார்கள். இந்தப் புதிருக்கு ஒரு பெயர் கிடைத்தது 1913 வாக்கில், அமெரிக்க வில்லாளர் வட்டத்தில். ‘வில்லாளியின் முரண்’ என்றார்கள்.

முரணுக்கு விடை இதுதான்: அம்பு வளைகிறது. பின்னாலிருந்து திடீரென்று நாண் தள்ள, முன்னால் முனையின் கனம் நகர மறுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய தண்டு வளைந்துகொடுக்கிறது. விரல்களிலிருந்து வழுக்கும் நாண் நேராக முன்னால் போகாமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கித்தான் புறப்படும். அந்த ஒதுக்கம் வளைவைத் தொடங்கிவைக்கிறது. அம்பின் வயிறு முதலில் கைப்பிடிப் பக்கம் வளைகிறது. பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து கைப்பிடியிலிருந்து விலகுகிறது. மறுபடி திரும்பி வளையும்போது வால் வெளிப்பக்கம் ஒதுங்கி, கைப்பிடியைத் தொடாமல் கடந்துவிடுகிறது. பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற மீன் மாதிரி. இத்தனையும் நடந்து முடிய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

நமக்கு அம்பு என்றால் நேரானது. வள்ளுவர்கூட நேரான வடிவத்துக்கு அம்பையும் வளைந்த வடிவத்துக்கு யாழையும்தான் எடுத்துக்கொண்டார். நிற்கும் அம்பைப் பொறுத்தவரை அது சரி. பறக்கும் அம்பு வேறு ஜீவன்.

*

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது ஒரு நேரக்கணக்கு என்பது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வகைச் சிக்கல் நன்றாகத் தெரியும். தனித்தனியே சோதித்தால் இரண்டு நிரல்களும் சரியாக ஓடும், சேர்த்து ஓடவிட்டால் ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கும். இரண்டிலும் பிழை இருக்காது. பிழை அவை சந்திக்கிற நேரத்தில் இருக்கும்.

அம்பும் அப்படித்தான். அது எவ்வளவு வேகமாக அலைகிறது என்பது தண்டின் விறைப்பையும் நீளத்தையும் முனையின் கனத்தையும் பொறுத்தது. அது வில்லைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது வில்லின் விசையைப் பொறுத்தது. இந்த இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போனால், கைப்பிடியை வால் கடக்கும் கணத்தில் வால் விலகி நிற்கும். தண்டு விறைப்பாக இருந்தால் போதுமான அளவு வளையாது. கைப்பிடி அதை இடப்பக்கம் தள்ளிவிடும். தொளதொளவென்று இருந்தால் அளவுக்கு மீறி வளைந்து வலப்பக்கம் போகும். ஆகவே ‘இது நல்ல அம்பா?’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ‘எந்த வில்லுக்கு?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். ‘யார் கையில்?’ என்றும் கேட்க வேண்டும். ஏனென்றால் நாணை விடும் விரலும் இந்தக் கணக்கில் ஒரு உறுப்பு.

இந்த மூன்றையும் ஒத்துப்போக வைப்பதை ஆங்கிலத்தில் ட்யூனிங் என்கிறார்கள். நமக்கு அதற்குச் சுருதி சேர்ப்பது என்று அருமையான சொல் இருக்கிறது. தம்புராவில் ஒரு தந்தியைத் தனியாக எடுத்து அது சுருதியில் இருக்கிறதா என்று கேட்க முடியாது. இன்னொன்றோடு வைத்துத்தான் கேட்க முடியும்.

நான் வேலை பார்ப்பது சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில். அங்கே கோல்டன் கேட் பூங்காவின் மேற்கு ஓரத்தில் பொதுமக்களுக்கான வில்வித்தைத் திடல் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வில்லோடு போகலாம். வைக்கோல் கட்டுகள் இலக்கு. மூன்று வருடங்களாக அங்கே போய்வருகிறேன். என்னுடையது மரத்தாலான நீள்வில், 40 பவுண்டு இழுவிசை. அதோடு மரத்தண்டு அம்புகள்.

சுருதி சேர்க்கும் முறை கேட்க எளிமையாக இருக்கும். முதலில் நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி. நாணை முறுக்கினால் அது சுருங்கி இடைவெளி கூடும், முறுக்கைத் தளர்த்தினால் குறையும். சில முறுக்குகள் கூட்டி, எய்து பார்த்து, காதால் கேட்க வேண்டும். ஏதோ ஒரு இடத்தில் வில்லின் சத்தம் அடங்கும், கையில் அதிர்வு குறையும். அந்த இடம்தான். பிறகு அம்பின் வால் நாணில் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பது. கைக்குச் செங்குத்தான கோட்டைவிடச் சிறிது மேலே, கிட்டத்தட்ட அரை அங்குலம். அங்கே நூல் சுற்றி அடையாளம் வைத்துவிடலாம்.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. ஒரே மாதிரியான நான்கு அம்புகளில் ஒன்றுக்கு மட்டும் இறகு ஒட்டாமல் விடுவது. நான் அதை மொட்டை அம்பு என்பேன். இறகு, பறக்கும் அம்பின் வாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, கோணலாகப் புறப்பட்டதைக்கூடக் கொஞ்ச தூரத்தில் நேராக்கிவிடும். அதாவது புறப்பாட்டில் நடந்த பிழையை இறகு மூடி மறைத்துவிடும். அதற்கு விலையாக வேகம் போகும். எங்கள் தொழிலில் பிழை எங்கே என்று தேடாமல், பிழைச்செய்தி வராதபடி மட்டும் பார்த்துக்கொள்வார்களே, அதே காரியம். மொட்டை அம்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லிவிடும். இறகுள்ள அம்புகள் விழுந்த இடத்துக்கு இடப்பக்கம் அது விழுந்தால் தண்டு விறைப்பு. கனமான முனை போட்டுப் பார்க்கலாம். வலப்பக்கம் விழுந்தால் தண்டு தொளதொளப்பு. தண்டைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கலாம். கீழே விழுந்தால் நாணில் உட்காரும் இடம் மேலே இருக்கிறது, மேலே விழுந்தால் கீழே இருக்கிறது.

அலுவலக நண்பன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்து, என் மொட்டை அம்பைத் தன் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தான். திரையைப் பார்த்துவிட்டு, “என்ன மச்சி, அம்பு நெளியுதுடா!” என்றான். 

“நெளியணும். நெளியலைன்னாதான் தப்பு.” 

அவன் நம்பவில்லை. போனில் ஏதோ கோளாறு என்று மறுபடி எடுத்தான். மறுபடியும் நெளிந்தது.

*

அவனுடைய போன் செய்த வேலையை முதன்முதலில் ஒழுங்காகச் செய்தவர் கிளாரன்ஸ் ஹிக்மன். இயற்பியலாளர். முதல் உலகப்போர்க் காலத்தில் ராபர்ட் காடர்டோடு சேர்ந்து ராக்கெட் ஆயுதங்களில் வேலை செய்தவர், பிறகு பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர். வில்வித்தை அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கையும் அவர் இயற்பியலாகவே செய்தார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடாது என்பதற்காக, வில்லைப் பிடித்து இழுத்துவிட ஒரு இயந்திரம் கட்டினார். 1930-களில் அதிவேகப் படக்கருவியால் அம்பு வில்லைக் கடப்பதைப் பதிவு செய்தார். அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போவது எல்லோருக்கும் தெரியும்படி ஆனது. 1937-இல் வில்லும் அம்பும் இயங்கும் விதம் பற்றி ஒரு இயற்பியல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார்.

அதே காலத்தில் அம்பின் விறைப்பை எண்ணாக்கும் வழியும் அமெரிக்க வில்லாளர்களிடையே நிலைபெற்றது. இரண்டு தாங்கிகளை 26 அங்குல இடைவெளியில் வைத்து அவற்றின்மேல் தண்டைப் படுக்கவைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் வருவது ‘ஸ்பைன்’. 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு வில்லுக்கானது. 0.65 அங்குலம் தொய்ந்தால் 40 பவுண்டு வில்லுக்கானது. இரண்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த மூன்று மில்லிமீட்டர், ஒரு அம்பு இலக்கில் தைப்பதற்கும் பக்கத்துக் கட்டில் தைப்பதற்கும் போதும்.

மரம் மரமாகவே இருக்கும். ஒரே செடார் மரத்திலிருந்து அறுத்த தண்டுகள்கூட ஒரே மாதிரி தொய்வதில்லை. ஒரே தண்டையே உருட்டி வேறு பக்கமாக வைத்தால் தொய்வு மாறும். அதனால்தான் ஆண்டு வளையங்களின் விளிம்பு வில்லைப் பார்க்கும்படி நாண்பிளவை வெட்டுகிறார்கள். 1940-களில் அலுமினியக் குழாய் அம்புகள் பரவிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. பிறகு கைப்பிடியையே குடைந்து, அம்பு நடுக்கோட்டிலேயே போகும்படி வில்களைச் செய்தார்கள். முரண் பெரும்பாலும் காணாமல்போனது. கணிதம் அதை விடவில்லை. டச்சுக்காரர் கோயியும் அவருடைய சகாவும் வில்லாளியின் முரணுக்கு முழுமையான கணித மாதிரி ஒன்றை 1997-இல் வெளியிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பெயர் 1913. படம் 1930-கள். சமன்பாடு 1997. அப்படியென்றால் அதற்கு முன்பு எய்தவர்கள் எல்லாம் எப்படிக் குறி தப்பாமல் எய்தார்கள்?

*

ஐரோப்பாவில் இதற்குப் பதில் தேட ஒரு நல்ல வருடம் 1545. அந்த வருடம் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரோஜர் ஆஸ்கம், ‘டாக்ஸோஃபிலஸ்’ என்ற நூலை எட்டாம் ஹென்றி மன்னருக்குச் சமர்ப்பித்தார். பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவர். லத்தீனில் எழுதுவதே கௌரவம் என்றிருந்த காலத்தில் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில், உரையாடல் வடிவில் எழுதினார். அம்புக்கான மரங்கள் என்று பதினைந்தைப் பட்டியலிடுகிறார். எது கனம், எது லேசு, எது அதிரும், எது சோம்பும் என்று ஒவ்வொன்றாகப் போகிறார். இறகுக்கு வாத்து இனத்திலேயே பெரிய வாத்துதான் வேண்டும் என்கிறார். ஆளுக்கும் வில்லுக்கும் ஏற்றபடி அம்பு மாற வேண்டும் என்பது புத்தகம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஏன் என்ற இயற்பியல் மட்டும் அதில் கிடையாது.

அதே 1545 ஜூலையில் ஹென்றியின் போர்க்கப்பல் ‘மேரி ரோஸ்’ போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982-இல் கப்பலின் எஞ்சிய பாகத்தைத் தூக்கினார்கள். சேற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர வில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர் மரம். வில்களின் இழுவிசை 100 பவுண்டுக்கு மேல், சிலது 150-ஐயும் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். என்னுடைய 40 பவுண்டை இருபது தடவை இழுத்தாலே தோள் கெஞ்சுகிறது. அந்தக் கப்பலின் எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி இணையாமலே இருந்தது. சிறுவயதிலிருந்து கனத்த வில்லை இழுத்ததன் தடயமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஆனால் இது படையின் அறிவு. ஒரு போருக்கு அம்புகள் கட்டுக்கட்டாக வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் அம்பைப் பொருத்திப்பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லா வில்லும் மிகக் கனம், எல்லா அம்பும் தடிமன், எதிரே ஒரு கூட்டம். எங்கேயாவது தைத்தால் சரி. மனிதர்கள் ஒன்றுபோல ஆக்கப்பட்டார்கள், பொருள்களும் ஒன்றுபோல ஆக்கப்பட்டன. அதுவும் ஒரு தீர்வுதான்.

தனக்கான வில்லைத் தானே செய்து, அதற்கான அம்பையும் தானே செய்து, ஒரு முயலைப் பத்தடி தூரத்தில் அடிக்க வேண்டிய மனிதனின் தீர்வு வேறு. அப்படி ஒருவரைப் பற்றி நமக்கு விரிவான பதிவு இருக்கிறது. அவர் வாழ்ந்த மலை, நான் அம்பு எய்யும் திடலிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

*

1911 ஆகஸ்ட் 29. வட கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே ஒரு இறைச்சிக்கூடத்தின் அருகில், பட்டினியால் ஒடுங்கிப்போன நடுவயது மனிதர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சிறையில் வைத்தார்கள். செய்தி பார்த்து, கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மானுடவியலாளர் வாட்டர்மன் ரயிலேறி வந்தார். அவர் கையில் யானா மொழிச் சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தார். பதில் இல்லை. கட்டிலின் பைன் மரச் சட்டத்தைத் தட்டி ‘சிவினி’ என்றதும் அந்த மனிதரின் முகம் மாறியது. மஞ்சள் பைன் மரத்தின் பெயர் அது. இரண்டு உலகங்களுக்கிடையே முதலில் பரிமாறப்பட்ட சொல் ஒரு மரத்தின் பெயர் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அவர் யாஹி இனத்தவர். யானா மக்களின் தெற்குக் கிளை. 1848-க்குப் பிறகு தங்கம் தேடி வந்த கூட்டம் அந்த மலைகளை நிரப்பியது. 1860-களில் குடியேறிகள் யாஹி மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். மிஞ்சிய சிலர் டீர் க்ரீக் பள்ளத்தாக்கில் நாற்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1908-இல் நில அளவைக்காரர்கள் தற்செயலாக அந்த ஒளிவிடத்தில் நுழைந்தார்கள். நடக்க முடியாத மூதாட்டி ஒருவர் மட்டும் இருந்தார். அவர் இந்த மனிதரின் தாய். வந்தவர்கள் கூடைகளையும் போர்வைகளையும் வில் அம்புகளையும் நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். வேட்டையாடிப் பிழைக்கிற குடும்பத்தின் வேட்டைக் கருவிகள். தாய் சீக்கிரமே இறந்துபோனார். கூட இருந்த மற்ற இருவர் அன்று ஓடியவர்கள்தான், அவர் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடம் தனியாக இருந்துவிட்டு இறங்கி வந்தார்.

தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கமில்லை. சொல்ல வேறு ஆளும் இல்லை. எனவே மானுடவியலாளர் ஆல்ஃப்ரட் க்ரோபர் அவரை ‘இஷி’ என்றழைத்தார். யானா மொழியில் மனிதன் என்று பொருள். (இந்த க்ரோபரின் மகள்தான் அர்சுலா லெ குவின். இஷியின் வரலாற்றை 1961-இல் புத்தகமாக்கியவர் லெ குவினின் தாய் தியோடோரா.) சான்ஃபிரான்சிஸ்கோவின் பர்னாசஸ் குன்றில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இஷிக்கு இடம் கொடுத்தார்கள். துப்புரவு வேலைக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன்னால் அம்புமுனை செய்து காட்டுவார். எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்வார், பாட்டில் கண்ணாடியிலும் செய்வார்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துக் கட்டடம் மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவைசிகிச்சை நிபுணராக இருந்தவர் சாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், அவரிடம் வில் கற்க ஆரம்பித்தார். இஷி செய்ததையெல்லாம் மருத்துவக் குறிப்பு எழுதும் கையால் எழுதிவைத்தார். யாஹி வில்வித்தை பற்றிய அவருடைய ஆய்வு 1918-இல் வெளிவந்தது.

இஷியின் வில் குட்டையானது, தட்டையானது. மலை ஜூனிப்பர் மரத்தில் செய்து, முதுகில் மானின் தசைநாரை ஒட்டியது. சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிய பசை. இழுவிசை நாற்பது பவுண்டுச் சுற்றில். அம்புக்கு ஹேசல் குச்சிகளை வெட்டி, பட்டையுரித்து, கட்டாகக் கட்டி உலரவைப்பார். கோணல் உள்ள இடத்தைச் சூடுகாட்டி, கால் பெருவிரலுக்கு அடியில் வைத்து அழுத்தி நிமிர்த்துவார். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மறுபடி சூடு. இரண்டு மணற்கல் துண்டுகளுக்கு நடுவே தண்டை வைத்து, தொடைமேல் உருட்டித் தேய்ப்பார். முன்பகுதியில் கனமான மரத்தில் ஒரு சிறு துண்டைச் செருகி நாரால் கட்டுவார். நான் கடையில் கனமான முனை வாங்கிப் போட்டுச் செய்வதை அவர் மரத்தை மாற்றிச் செய்திருக்கிறார்.

அவர் எய்யும் விதம்தான் முக்கியம். நாணை மூன்று விரலால் இழுக்கவில்லை, கட்டைவிரலால் இழுத்தார். அம்பு வில்லின் வலப்பக்கம் இருந்தது. கட்டைவிரலிலிருந்து நாண் வழுக்கும் திசை விரல்களில் வழுக்குவதற்கு நேர் எதிர். எனவே அம்பு இருக்கும் பக்கமும் எதிர். மங்கோலியா, துருக்கி, ஜப்பான் என்று கட்டைவிரலால் இழுத்த நாடுகளில் எல்லாம் இதே ஏற்பாடுதான். இன்னொன்று: இஷி வில்லை இறுக்கிப் பிடிக்கவில்லை. கையில் மெல்லத் தாங்கியிருந்தார். விட்டதும் வில் அவர் கைக்குள்ளேயே சுழன்று, நாண் எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. போப் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஜப்பானிய வில்வித்தையிலும் விட்டதும் வில் கைக்குள் சுழல்கிறது. அதற்கு ‘யுகாயேரி’ என்று பெயரே உண்டு. வில் சுழலத் தொடங்கும்போது கைப்பிடியின் விளிம்பு அம்பின் வழியிலிருந்து ஒதுங்குகிறது. அம்பு வில்லுக்காக வளைகிறது, வில்லும் அம்புக்காகக் கொஞ்சம் விலகிக்கொடுக்கிறது. 1913-இல் பெயர் கிடைத்த புதிருக்கான விடை, அதே வருடம் பர்னாசஸ் குன்றில் ஒருவருடைய இடதுகையில் இருந்தது.

இஷிக்கு வில் ஒரு ஜடப்பொருள் இல்லை. வேலை இல்லாதபோது அதைப் படுக்கவைக்க வேண்டும், நிற்கவைத்தால் அது உழைத்துக்கொண்டே இருந்து களைத்துப்போகும் என்பது அவர் எண்ணம். சில நேரம் வில்லின் ஒரு நுனியைத் தன் வாயோரத்தில் வைத்துக்கொண்டு, நாணை அம்பால் தட்டி இசையெழுப்புவார். நாண் என்ன சொல்கிறது என்பதைக் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்துக் கேட்ட ஒருவருக்கு வில்லின் சுருதி பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்?

*

போப்பின் குறிப்புகளைப் படித்தபோது எனக்கு வியப்பும் ஒரு சின்ன உறுத்தலும் சேர்ந்தே இருந்தன. நீளம் இருக்கிறது. எடை இருக்கிறது. பொருள் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனது என்பதும் இருக்கிறது. தூரத்து வட்ட இலக்கில் போப் இஷியை மிஞ்சினார், கிட்டத்தில் காடை அளவுள்ள இலக்கில் இஷியை மிஞ்ச முடியவில்லை என்பதும் இருக்கிறது. இல்லாதது, ஒரு தண்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு இஷி எதை ஒதுக்கினார், எதை வைத்துக்கொண்டார் என்பது. அந்தக் கேள்வி போப்புக்கு எழ வாய்ப்பில்லை. அம்பு வளைவது வெளிச்சத்துக்கு வர இன்னும் இருபது வருடம் இருந்தது. கேட்கத் தெரிந்த ஹிக்மன் வந்தபோது சொல்ல இஷி இல்லை.

பழைய கைத்தொழில் அறிவை நாம் ஆவணப்படுத்தும்போதெல்லாம் இது நடக்கிறது என்று நினைக்கிறேன். பாகங்களை அளக்கிறோம். அருங்காட்சியகத்தில் வில் ஒரு பெட்டியில், அம்பு இன்னொரு பெட்டியில், தனித்தனி எண்ணோடு. அம்பு நன்றாகப் பறப்பது என்ற குணம் இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. அது இரண்டுக்கும் ஒரு கைக்கும் நடுவில் இருந்தது. ஆள் போனால் அதுவும் போகும்.

ஆனாலும் பொருள்கள் முழுக்க ஊமை இல்லை. 1990-களில் பெர்க்லி தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி, இஷி செய்த அம்புமுனைகளைப் பழைய யாஹி முனைகளோடு ஒப்பிட்டார். இஷியின் முனைகள் பக்கத்து விண்டு, நோம்லாக்கி மக்களின் பாணிக்கு நெருக்கமாக இருந்தன. அழிவின் காலத்தில் ஒளிந்தவர்கள் இனம் கலந்து வாழ்ந்திருக்கலாம், இஷிக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த மக்களில் ஒருவராக இருந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. ‘கடைசி யாஹி’ என்று உலகம் சொன்ன மனிதரின் கை, தன் ஆசிரியரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

போப் அமெரிக்காவில் வில்வேட்டையின் தந்தை எனப்பட்டார். 1923-இல் வந்த அவருடைய வேட்டைப் புத்தகம் ஒரு தலைமுறையையே வில்லெடுக்கவைத்தது. வில்வேட்டைக்காரர்கள் 1961-இல் தொடங்கிய சங்கத்துக்கு அவர் பெயரும் அவர் நண்பர் ஆர்தர் யங்கின் பெயரும் வைக்கப்பட்டன. ஹிக்மனின் சோதனைகளோ, வட்டமுதுகு ஆங்கில வில்லைவிடத் தட்டையான புயங்கள் கொண்ட வில் திறமையானது என்று காட்டின. பூர்வகுடிகளின் வில்களில் பல தட்டையானவைதான்.

இஷி 1916 மார்ச் 25 அன்று காசநோயால் இறந்தார். வைத்தியம் பார்த்தவர் போப். இறந்தவரின் உடலை வெட்டுவதில் இஷிக்கு இருந்த வெறுப்பை நண்பர்கள் அறிவார்கள். நியூயார்க்கில் இருந்த க்ரோபர், உடற்கூறு ஆய்வு வேண்டாம் என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். கடிதம் வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையை எடுத்து வைத்துக்கொண்டு, 1917-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பியது அதே க்ரோபர். எண்பத்து மூன்று வருடம் அது அங்கே இருந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் அவருடைய நெருங்கிய உறவினர்களாக அடையாளம் காணப்பட்ட ரெடிங் ரன்சேரியா, பிட் ரிவர் மக்களிடம் அது திரும்பியது. அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தகனத்துக்கு முன் நண்பர்கள் சவப்பெட்டியில் சில பொருள்களை வைத்தார்கள். ஒரு கூடை கருவாலிக்கொட்டை மாவு, சிப்பி மணிகள், புகையிலை, எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள். அவருடைய வில் ஒன்று. ஐந்து அம்புகள். அந்த வில்லும் அந்த அம்புகளும் தனித்தனிப் பெட்டிகளுக்குப் போகவில்லை. அவற்றைச் செய்த கையோடு சேர்ந்தே எரிந்தன.